உடையாத ஏரிக்குக் கடைசி இடம்

முன்னே எப்பவோ, எந்தச் சீமை என்று கேட்காதீர்கள், ஒரு ராஜாவுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. அரண்மனைச் சோறு தின்கிற எல்லாரையும் வருஷம் ஒருமுறை நிறுத்தி, "இந்த வருஷம் என்ன சாதித்தாய்?" என்று கேட்கணும். பெரிசாகச் சொல்கிறவனுக்குப் பட்டு. சொல்ல ஒன்றுமில்லாதவன் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை கோட்டை வாசலில் நிற்கணும். மறுநாளிலிருந்து வேலையும் கிடையாது.

யோசனை அமைச்சர் மகுடநாதருடையது. தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைச் சபை விகடன் கொண்டையன் தலையில் கட்டியதும் அவர்தான். ராஜாவுக்குச் செல்லமானவனை ஊரே சபிக்கட்டும் என்ற வயிற்றெரிச்சல்.

தெற்கு ஏரிக் காவல் அமைச்சரின் மச்சினனுக்கு. மார்தட்டிக்கொண்டு வந்தான். "அரசே! கரை மூன்று முறை உடைந்தது. மூன்று முறையும் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று அடைத்தேன்!" சபை ஆரவாரித்தது. பட்டு கிடைத்தது.

அடுத்து வடக்கு ஏரிக் காவலன் சுடலை. "ஒண்ணும் நடக்கலீங்க சாமி. நண்டு வளை தோண்டும், அப்பப்ப அடைப்பேன். கரை அப்படியே கிடக்கு."

"இதைச் சொல்லவா குளித்துவிட்டு வந்தாய்?" என்றார் அமைச்சர்.

சட்டப்படி கொண்டையன் சுடலையின் பேரைச் சொன்னான். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சுடலை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனான். அன்றைக்கென்று சந்தை நாள்.

"எல்லாரும் முடிந்ததா?" ராஜா கேட்டார்.

"ஒருவர் பாக்கி, அரசே," என்றான் கொண்டையன். " அரண்மனைச் சோறு தின்கிற எல்லாரும் என்பது ஆணை. தாங்கள் எங்கே உண்கிறீர்கள்?"

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "சரி, கேள்."

"இவ்வருஷம் எத்தனை போர் வென்றீர்கள்?"

"போரே வரவில்லையே."

"கலகம் அடக்கினீர்களா?"

"என் நாட்டில் ஏது கலகம்? ஒன்றும் நடக்க..." ராஜா பாதியில் நிறுத்தினார்.

"சுடலையாவது நண்டு வளை அடைத்தான். வாசலில் அவன் பக்கத்தில் இடமிருக்கிறது, அரசே."

ராஜா வெடித்துச் சிரித்தார். சிரித்து முடிந்தபோது முகம் கறுத்திருந்தது. முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். கொண்டையன் அதைக் கழுத்தில் போடவில்லை, கூசிப்போய் மடியில் முடிந்துகொண்டான். சுடலை பேரைச் சொன்னது அவன் வாய்தானே. மச்சினன் பட்டை மெதுவாக மடித்து ஒளித்தான். "நாளையிலிருந்து சுடலை பின்னால் கரையில் நடந்து வேலை பழகு" என்று அவனிடம் சொன்னார் ராஜா.

பிறகு தானே வாசலுக்குப் போனார். "தப்பு என்மேல், சுடலை. உன் வேலை உனக்குத்தான்."

சுடலை நிமிரவில்லை. "சரிங்க சாமி. எங்க சம்பந்தி இப்பத்தான் வண்டியில போனாரு. பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டாரு. எம் மக அந்த வீட்டுலதான் வாழுறா."

ராஜா தேரைக் கொண்டுவரச் சொன்னார். தேரில் சுடலையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போனார். சம்பந்தி அலறியடித்து ஓடிவந்தார்.

"ஐயா, இவர் குற்றம் ஒன்றுமில்லை. கரை உடையாமல் காத்தவரை நிற்கவைத்தது என் புத்திகெட்டதனம். உங்கள் மருமகளையும் கூப்பிடுங்கள், அவளிடமும் சொல்லணும்."

அவள் வந்து நின்றாள். ராஜா முதலிலிருந்து மறுபடி சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு.

சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி, பாய் எடுத்துவந்து விரித்து, சுடலையைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ராஜாவுக்கு விரிக்க மறந்தே போனார். நின்றபடியே ராஜா சிரித்தார். அன்றைக்கு மனசாரச் சிரித்தது அப்போதுதான்.