ஒன்பதாம் சீட்டும் ஒரு கடைவாய்ப்பல்லும்

ஊசலாங்குடியில் முட்டாள் என்று ஒருவர்கூடக் கிடையாது. இதை அவ்வூரார் கிராமசபையில் கூடி, கைதூக்கி, ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறார்கள். தூக்கிய கையை இறக்கச் சொல்லத் தலைவர் மறந்துவிட்டதால், சிலர் மறுநாள் காலைவரை தூக்கியபடியே நின்றார்கள் என்பது வேறு செய்தி.

அவ்வூரில் கயிற்றுக்கடை வைத்திருந்த அம்பலவாணனுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவருடைய பற்கள். மற்றொன்று, அந்தப் பற்களைக் கொண்டு காணும் பொங்கல்தோறும் கரும்பு தின்னும் போட்டியில் அவர் வென்றுவந்த பித்தளை அண்டா. வென்றவர் வீட்டில் அண்டா ஓராண்டு இருக்கும் என்பது விதி. பல ஆண்டுகளாக அது அம்பலவாணன் வீட்டு அடுப்படியை விட்டு அசையவில்லை. அதை எப்படியாவது தூக்கிச் சென்றுவிட வேண்டும் என்று குறியாயிருந்தவன் வேறு யாருமல்லன்; அவர் மனைவியின் உடன்பிறந்த தம்பி செங்கோடன்.

போகியன்று விடியும்போது அம்பலவாணனின் கடைவாய்ப்பல் ஒன்று வலிக்கத் தொடங்கியது. வெயில் ஏறுவதற்குள் கன்னம் பணியாரம்போல் உப்பியது. இன்றே பிடுங்கினால் காணும் பொங்கலுக்குள் புண் ஓரளவு ஆறும். பிடுங்காவிட்டால் அண்டா கைமாறும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு டாக்டர் உலகளந்தானின் பல் மருத்துவமனைக்கு நடந்தார்.

அவர் அறியாத செய்தி ஒன்று இருந்தது. டாக்டரும், அவருடைய உதவியாளர்களான பிச்சாண்டியும் தைலம்மையும் அண்மையில்தான் பக்கத்து நகரத்தில் கணினி நிரல் எழுதக் கற்றுத் திரும்பியிருந்தார்கள். அங்கே ஆசிரியர் அவர்களுக்குச் சொன்னவை இவை: எண் வேறு, எழுத்து வேறு, எழுத்துகளைக் கோத்தால் அது சரம். தனி எழுத்துக்கு ஒற்றை மேற்கோள் குறி, சரத்துக்கு இரட்டை. எண்ணை மேற்கோள் குறிக்குள் வைத்துவிட்டால், பார்ப்பதற்கு எண்ணாக இருந்தாலும் அதுவும் சரமே. சரத்திலுள்ள எழுத்துகளைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும். ஒருமுறை உண்டாக்கிய சரத்தை மாற்ற முடியாது. மாற்றம் வேண்டுமானால் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டும். நிரலில் வாழ்வன எல்லாம் பொருள்கள். பொருள், அழைத்தால் மட்டுமே செயல்படும்.

"இதையெல்லாம் எப்போதும் மறக்காதீர்கள்" என்று ஆசிரியர் விடைகொடுத்தார். கணினிக்கு முன்னால் உட்காரும்போது மட்டும் என்று அவர் சேர்த்துச் சொல்லவில்லை. அவர்களும் மறக்கவில்லை.

அம்பலவாணனுக்குக் கிடைத்தது ஒன்பதாம் எண் சீட்டு. எண்ணின் இருபுறமும் மேற்கோள் குறிகள் அழகாக அச்சாகியிருந்தன. சுழியம் எண் சீட்டைப் பெற்றவர், தமக்கு நோயே இல்லை என்று பொருள்கொண்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்து ஒன்றாம் எண்ணை அழைத்தார்கள். அதற்கடுத்துப் பத்தை அழைத்தார்கள். பிறகு பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாகப் போய், பத்தொன்பதுக்குப் பிறகுதான் இரண்டு எழுந்து போனார்.

அம்பலவாணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தைலம்மையிடம் சென்றார்.

"ஏம்மா, நான் ஒம்பது. எனக்குப் பின்னால வந்த பதினாறு பல்லைப் பிடுங்கிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டுத் தூங்கியே இருப்பாரு."

"ஐயா, அது எண்ணா இருந்தா நீங்க சொல்றது நியாயம்" என்றாள் தைலம்மை கனிவாக. "சீட்டுல மேற்கோள் குறி இருக்கு பாருங்க. அதனால அது சொல். அகராதியில அணில்குஞ்சு முன்னால வருமா, ஆடு முன்னால வருமா?"

"அணில்குஞ்சு."

"அணில்குஞ்சு நீளமா இருக்கேன்னு அதைக் கொண்டுபோய் ஆட்டுக்குப் பின்னால வைப்பீங்களா?"

"எப்படி வைக்கிறது?"

"அவ்வளவுதான் ஐயா. பதினாறுக்கு முதல் எழுத்து ஒண்ணு. உங்களுக்கு முதல் எழுத்தே ஒம்பது. உங்களுக்கு முன்னால ஊரே இருக்கு."

அம்பலவாணனுக்கு இதில் ஓட்டை இருப்பதாகத் தோன்றியது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தம் பல்லில் இருக்கும் ஓட்டை வேறு அவரை யோசிக்க விடவில்லை. திரும்பிவந்து உட்கார்ந்தார். நான்கு முதல் எட்டு வரையிலான சீட்டுக்காரர்கள், தமக்கும் கீழே ஒருவர் இருக்கிறார் என்ற நிறைவோடு அவரைப் பார்த்து இரக்கப்பட்டார்கள்.

பிற்பகலில் செங்கோடன் வந்தான். அவனுக்குப் பல்வலி ஒன்றும் இல்லை. போட்டிக்காகப் பற்களைச் சுத்தம் செய்துகொள்ள வந்திருந்தான். அவனுக்குக் கிடைத்தது முப்பத்தேழு. அப்போது முப்பதுகளைத்தான் அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாமா, கன்னத்துல கொழுக்கட்டையை ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

"போ மாப்ளே, வயித்தெரிச்சலைக் கிளப்பாதே."

"அக்காகிட்ட அண்டாவைப் புளி போட்டுத் தேச்சு வைக்கச் சொல்லிட்டுத்தான் வர்றேன். கறையோட வாங்கிட்டுப் போனா எங்க வீட்டுல ஏசுவாங்க" என்று சொல்லி உட்காரப்போனான். உட்காருவதற்குள் உள்ளேயிருந்து அவனை அழைத்துவிட்டார்கள்.

இதைக் கண்டதும் அம்பலவாணனுக்குப் பொறுமை போய்விட்டது. "அம்மா, என் சீட்டு எண்ணை மாத்திக் குடு!"

தைலம்மை திடுக்கிட்டாள். "சரத்தை மாத்தறதா? முடியவே முடியாது ஐயா. வேணும்னா புதுசா ஒண்ணு உண்டாக்கலாம்."

"அப்ப உண்டாக்கு!"

முப்பத்தெட்டு உண்டாயிற்று. அவர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போகத் திரும்பியபோது தைலம்மை வழிமறித்தாள்.

"நீங்க போங்க. ஒம்பது எங்கே?"

"ஒம்பதுதான் நான்!"

"நீங்க முப்பத்தெட்டு. ஒம்பதுன்னு ஒருத்தரை உண்டாக்கியாச்சு. அவர் வரிசையில இருந்தாகணும்."

அம்பலவாணன் பல்லைக் கடிக்க முயன்று, வலி தாங்காமல் விட்டுவிட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து, பெஞ்சில் வைத்து, அதன்மேல் ஒன்பதாம் சீட்டைக் குத்தினார். "இதோ இருக்காரு ஒம்பது. போதுமா?"

தைலம்மை மன நிறைவோடு துண்டைப் பார்த்து, "காத்திருங்க ஐயா, கூப்பிடுவாங்க" என்றாள்.

உள்ளே டாக்டர் உலகளந்தான் அவரை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, சிறு கம்பியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். கீழ்வரிசையில், வலப்பக்கக் கடைசியிலிருந்து மூன்றாவது பல்லைத் தட்டியதும் அம்பலவாணன் நாற்காலியோடு எழுந்தார்.

"மூணாவதுதான். எழுதிக்க பிச்சாண்டி."

கன்னம் மரத்துப்போக ஊசி போட்டார்கள். டாக்டர் இடுக்கியை எடுத்துக்கொண்டு, "எதுன்னு சொன்னோம்?" என்று கேட்டார்.

பிச்சாண்டி திரையைப் பார்த்தான். "மூணு டாக்டர்."

"மூணா? எண்ணிச் சொல்லு. தப்பு நடந்துடக் கூடாது."

பிச்சாண்டி வாய்க்குள் விரல்விட்டுக் கடைசியிலிருந்து எண்ணினான். "சுழியம், ஒண்ணு, ரெண்டு, மூணு. இதுதான்."

வரிசையில் நான்காவதாக இருந்த, எந்தக் குற்றமும் அறியாத, சென்ற ஆண்டு மட்டும் பத்துக் கரும்புகளைப் பிளந்த அந்தப் பல் வெளியே வந்தது. அம்பலவாணன் எச்சில் துப்ப எழுந்தார்.

"துப்பாதீங்க! உங்களைத் துப்பக் கூப்பிடலை" என்று தடுத்தான் பிச்சாண்டி. பிறகு முறையாக, "முப்பத்தெட்டு, துப்புங்க" என்றான்.

துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். நோய்ப்பல் அரியணையில் அமர்ந்ததுபோல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பக்கத்து வீட்டைத்தான் காணவில்லை.

"ஐயோ! நல்ல பல்லைப் பிடுங்கிட்டீங்களே!"

டாக்டரும் பிச்சாண்டியும் நெடுநேரம் ஆராய்ந்தார்கள்.

"டாக்டர், வலிக்கிற பல் ரெண்டாம் எண். நாம எடுத்தது மூணாம் எண். ஆனா கவலையில்லை. நாம எதையும் எடுக்கவே இல்லை."

"எப்படிச் சொல்றே?"

"பல்வரிசைங்கறது சரம். சரத்தை மாத்த முடியாதுன்னு வாத்தியார் சொன்னாரே? அதனால இவர் பல்வரிசை மாறியிருக்க வழியே இல்லை. முன்னால இருந்தபடிதான் இருக்கணும்."

"அப்ப இடுக்கியில இருக்கறது என்ன?"

"அது தனி எழுத்து டாக்டர்" என்று சொல்லி, பிச்சாண்டி அந்தப் பல்லை ஒரு சிறு உறையிலிட்டு, இருபுறமும் ஒற்றை மேற்கோள் குறி இட்டு, பத்திரப்படுத்தினான்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அடடா! பிடுங்க முயன்றதே நம்ம தப்பு. வலிக்கிற பல் இல்லாத புது வரிசையை அல்லவா உண்டாக்கியிருக்கணும்!"

அம்பலவாணன் மறுத்துப் பேச வாயைத் திறந்தார். திறந்த வாயில் பல் அச்செடுக்கும் மாவை அப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் வெள்ளைச் சாந்தில் அவருடைய பல்வரிசை முழுவதையும் வார்த்து, நோய்ப்பல்லை மட்டும் விட்டுவிட்டு, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெட்டிக்கு இரட்டை மேற்கோள் குறி.

"இதுதான் இனி உங்க பல்வரிசை. வலிக்குதான்னு தொட்டுப் பாருங்க."

அம்பலவாணன் தொட்டுப் பார்த்தார். பெட்டியிலிருந்த பற்கள் உண்மையாகவே வலிக்கவில்லை.

"வாயில இருக்கறதை என்ன பண்றது டாக்டர்?"

"அதைப்பத்தி நீங்க கவலைப்படாதீங்க. யாரும் கூப்பிடாத பொருள் தானாக் குப்பைக்குப் போயிடும்னு பாடத்துலயே இருக்கு. நீங்க மட்டும் அதைக் கூப்பிட்டுடாதீங்க."

பொங்கலன்றும் மாட்டுப் பொங்கலன்றும் அம்பலவாணன் தம் பல்லைக் கூப்பிடவேயில்லை. பல்தான் அவரை இரவு பகலாகக் கூப்பிட்டது.

காணும் பொங்கலன்று மாலை ஆற்றங்கரையில் ஊர் திரண்டது. கணினி கற்றவர்கள் என்பதால், கரும்புக் கணக்கு வைக்கும் பொறுப்பைப் பஞ்சாயத்து பிச்சாண்டியிடமும் தைலம்மையிடமும் ஒப்படைத்திருந்தது. அம்பலவாணன் அட்டைப்பெட்டியோடு வந்து அமர்ந்தார்.

"மாமா ரெண்டு செட்டுப் பல்லோட வந்திருக்காரு, பார்த்துக்குங்க!" என்றான் செங்கோடன். "ஒண்ணு கடிக்க, ஒண்ணு வேடிக்கை பார்க்க."

கொட்டு முழங்கியது. அம்பலவாணன் இடப்பக்கத்தாலேயே கடித்தார், இழுத்தார், மென்றார். ஒவ்வொரு கரும்புக்கும் கண்ணில் நீர் வழிந்தது. ஒன்பதாவது கரும்பை முடித்தபோது தாடை மறுத்துவிட்டது. எதிரே செங்கோடன் பளபளக்கும் பற்களால் பத்தாவது கரும்பின் கடைசிக் கணுவைத் துப்பிவிட்டு எழுந்து நின்று சோம்பல் முறித்தான். கூட்டத்தின் ஓரத்தில் அம்பலவாணனின் மனைவி, தேய்த்துவைத்த அண்டாவைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

பிச்சாண்டி எழுந்தான். "அம்பலவாணன், மேற்கோள் குறிக்குள் ஒம்பது. செங்கோடன், மேற்கோள் குறிக்குள் பத்து. பெரியது ஒம்பது. அம்பலவாணனுக்கே அண்டா!"

செங்கோடன் பாய்ந்தான். "டேய், பத்து பெரிசுடா!"

"எண்ணுல பெரிசு. சொல்லுல உங்க முதல் எழுத்து ஒண்ணு, அவரோட முதல் எழுத்து ஒம்பது. எதை முதல்ல பார்க்கணுமோ அதை முதல்ல பார்க்கணும் இல்லையா?"

ஊரார் யோசித்தார்கள். முதலெழுத்தை முதலில் பார்ப்பது முறைதான் என்று எல்லோருக்கும் பட்டது. அம்பலவாணனுக்கு இந்தக் கணக்கு இப்போது வெள்ளிடை மலையாக விளங்கியது. அதில் ஓட்டை ஏதுமில்லை என்றும் தெளிவாகத் தெரிந்தது. எழுந்து அண்டாவை நோக்கிக் கைநீட்டினார்.

"நீங்க இல்லை ஐயா" என்றாள் தைலம்மை. "போட்டிக்குப் பேர் குடுத்தது போகிக்கு முந்தி. அப்ப முப்பத்தெட்டு பிறக்கவே இல்லை. பேர் குடுத்தவர் உங்களுக்கு முன்னால இருந்த ஒம்பது; ஆஸ்பத்திரி வரிசையில இருக்காரு. பரிசும் அவருக்குத்தான்."

நீதி என்றால் நீதிதான். கொட்டு முழங்க, அண்டாவைத் தலைமேல் சுமந்து, ஊர் முழுவதும் மருத்துவமனைக்கு ஊர்வலமாகப் போயிற்று. அம்பலவாணன் எல்லோருக்கும் முன்னால் போனார். என்ன இருந்தாலும் வென்றது அவர் துண்டு.

மருத்துவமனையில் டாக்டர் உலகளந்தான் தனியாக இருந்தார். ஊரே ஆற்றங்கரைக்குப் போய்விட்டதால், வரிசையில் மிஞ்சியிருந்த ஒன்பதாம் எண்ணுக்கு அன்றுதான் முறை வந்திருந்தது. துண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தது. மேலே விளக்கு எரிந்தது. டாக்டர் கையில் இடுக்கியோடு வியர்த்து நின்றார்.

அண்டாவைத் துண்டின் மடியில் வைத்துக் கைதட்டினார்கள்.

"பாராட்டெல்லாம் சரி" என்றார் டாக்டர் அலுப்போடு. "எவ்வளவு நேரமாக் கெஞ்சிட்டிருக்கேன். மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டேங்கிறார். ரெண்டாம் எண் பல்லைச் சரியா எண்ணி வச்சிருக்கேன். திறந்தா ஒரே இழுப்புல எடுத்துடுவேன்."

டாக்டர் சரியாக எண்ணிவிட்டார் என்று கேட்டதும் அம்பலவாணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாய்ந்து, நாற்காலியின் பக்கத்தில் மண்டியிட்டு, இடுக்கிக்கு நேராக வாயை அகலத் திறந்து, "ஆ!" என்றார்.

டாக்டர் உலகளந்தான் அவரைக் கடிந்துகொண்டார்.

"முப்பத்தெட்டு, வாயை மூடுங்க. உங்களை யார் கூப்பிட்டா?"