செவலையா, கறுப்பனா?

இந்தக் கதையில் வயிறு வலிக்கச் சிரிக்க ஓர் இடம் இருக்கிறது. இப்போது இல்லை, பொறுங்கள். முதலில் பல் டாக்டர் கிறிஸ்துதாஸின் கவலையைக் கொஞ்சம் பட்டாக வேண்டும். அவர் ஒருவரே பட்டால் நியாயமில்லை.

வேப்பேரியில் ஒரு சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ஆர்கெஸ்ட்ரா கச்சேரி. அன்றைக்கு டபுள் பாஸ் வாசிக்க டாக்டர் மட்டும்தான். வயலின் சாயலில் ஆளைவிட உயரமான அந்த வாத்தியம் ஹாலில் இரண்டு இருந்தது. மாட்டுக்கு வைப்பதுபோல் பெயரும் வைத்திருந்தார்கள். செவலையை வில்லால் தொட்டாலே போதும், 'ம்ம்ம்பாம்' என்று தெருமுனைவரை முட்டும். கறுப்பன் 'ம்' என்பதோடு சரி. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டுகிற ஆள் மாதிரி.

எதை எடுப்பது?

போன கச்சேரியில் டாக்டர் கறுப்பனைத்தான் வாசித்தார். முடிந்ததும் மாமியார் வந்தார். "மாப்பிள்ளை, நீங்க அதை வாசிச்சீங்களா, இல்ல விழுந்துடாமப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்களா?"

இந்த முறை மாமியார் தங்கைகளையும் கூட்டி வருகிறார்.

டாக்டருக்குத் தூக்கம் போயிற்று. வாயைத் திறந்து படுத்திருந்த நோயாளிகளிடமெல்லாம் செவலையா கறுப்பனா என்று யோசனை கேட்டார். எல்லோரும் 'ஆ' என்றார்கள்.

கடைசியில் தனக்குப் பாஸ் சொல்லிக்கொடுத்த குருவிடமே போனார். குரு பெர்னிஸ் மிஸ்ஸுக்கு டாக்டருடைய மகள் வயதுதான். அவர் முன்னால் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்பார். கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்கவே அவருக்கு நேரமாயிற்று. நடுவில் மாமியார் குரலிலும் ஒருமுறை பேசிக் காட்டினார்.

மிஸ் மறுநாள் ஒத்திகையில் தானே வாசிப்பதாகவும், டாக்டர் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் சொன்னார். பாட்டு மாறாது, பாஸ் மட்டும் மாறும். திரும்பிப் பார்க்கக் கூடாது.

அப்படியே உட்கார்ந்தார். வயலின்கள், வயலினுக்கும் பாஸுக்கும் நடு அளவான செல்லோ எல்லாம் சேர்ந்து ஆர்கெஸ்ட்ரா வாசித்தது.

"எப்படி டாக்டர்?"

"பாஸே கேக்கலை மிஸ்." டாக்டர் சுவரிடம் சொன்னார். "ஆனா வயலின்காரங்க இன்னைக்கு என்ன சாப்பிட்டாங்க? பறக்கிறாங்க. செல்லோ தேன்."

மறுபடி வாசித்தார்கள். டாக்டர் தொடையில் தட்டினார்.

"இது பாஸ்! நெஞ்சுல வந்து இடிக்குது." செல்லோக்காரர் ஏதோ வாசித்தது போலிருந்தது, சரியாகக் காதில் விழவில்லை, பரவாயில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். முடிவு பண்ணியாயிற்று, எழுந்திருக்கலாமா என்று கேட்டார்.

"இன்னும் ஒரே தடவை. திரும்பாதீங்க."

மூன்றாவது தடவை பாட்டு பாதி போவதற்குள் டாக்டர் முகத்தைச் சுளித்தார். முடிகிறவரை தாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

"என்ன மிஸ் இது? வயலின் எல்லாம் அந்தரத்துல தொங்குது. செல்லோவுக்குக் காய்ச்சலா? ஈறு கரைஞ்ச பல்லு மாதிரி ஒண்ணொண்ணும் தனித்தனியா ஆடுது. இது கறுப்பன்தானே? இந்த மூதேவியை வெச்சுக்கிட்டா போன தடவை நான் மானம் கெட்டேன்!"

பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அதை அடக்கப்போய் இன்னொருவருக்கு இருமல் வந்தது.

டாக்டர் திரும்பினார்.

மேடையில் செவலையும் கறுப்பனும் விலாவைத் தரையில் சாய்த்துப் படுத்திருந்தன. நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து பெர்னிஸ் மிஸ் டீயில் பிஸ்கட் தோய்த்துக்கொண்டிருந்தார். பொறுத்தவர்கள் இப்போது சிரித்துக்கொள்ளலாம். ஆர்கெஸ்ட்ரா சிரித்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இப்ப எதை வாசிச்சீங்க மிஸ்?"

"எதையும் வாசிக்கலை."

டாக்டர் இதை மெதுவாக மென்றார். பிறகு முகம் தெளிந்தது. திருடனைப் பிடித்துவிட்ட குரலில், "அப்ப முதல் தடவையும் நீங்க சும்மாதானே இருந்தீங்க? அப்பவும் பாஸ் கேக்கலையே!" என்றார்.

"முதல் தடவை கறுப்பன் டாக்டர். ஒரு சுரம் விடாம வாசிச்சேன்."

டாக்டர் வயலின்காரர்களைப் பார்த்தார். செல்லோக்காரரைப் பார்த்தார். கடைசியாகத் தரையில் படுத்திருந்த கறுப்பனை, வாயைத் திறந்தபடி, வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.