முதலாளி தலையின் வீட்டு அளவு

காரைக்குடியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கட்டடம் மில் முதலாளி வயிரவனுடையது. அதனால் அவரைக் கண்டாலே கடைக்காரருக்கு நடுக்கம். அங்கே ஜெசிந்தா என்ற பெண் லென்ஸுக்கு அளவெடுத்தாள்.

ஒருநாள் வயிரவன் புதுக் கண்ணாடியை மாட்டியபடி ஜெசிந்தாவிடம் சீறிக்கொண்டு வந்தார்.

"மேல்பக்கம் தூரத்துக்கு, கீழ்பக்கம் படிக்கன்னு சொன்னியே! இங்கே பேப்பர் பளிச்சுனு தெரியுது. வீட்டுல ஒரு எழுத்துத் தெரியலை. இப்பவே சரிபண்ணு. இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு இங்கே வேலை இல்லை!"

"ஆமாம், ஆமாம்" என்றார் கடைக்காரர்.

"ஐயா, அவங்கவங்க தலை நிக்கிற விதத்தைப் பார்த்துத்தான், படிக்கிற பாகம் எங்கே வரணும்னு லென்ஸுல புள்ளி வைப்போம். தையல்காரர் குனிஞ்சிருப்பார், பஸ் டிரைவர் நிமிர்ந்திருப்பார். நீங்க அன்னிக்கு மோவாயைத் தூக்கிக்கிட்டு உட்கார்ந்தீங்க. இறக்கச் சொன்னேனே?" என்றாள் ஜெசிந்தா.

"வயிரவன் தலை எவனுக்கும் இறங்காது!"

"அப்போ லென்ஸ் சரிதான். வீட்டுலயும் இப்படியே தூக்கி வச்சுப் படிங்க."

அந்த நேரம் பார்த்து வயிரவன் மனைவி உமையாள் ஆச்சி காரிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார்.

"அங்கே என்ன சத்தம்?"

முதலாளியின் தலை சட்டென்று இறங்கியது. ஜெசிந்தா பேனாவோடு பாய்ந்து, அவர் வலக்கண்ணுக்கு நேரே லென்ஸில் புள்ளி வைத்தாள்.

"அசையாதீங்க ஐயா! இதுதான் வீட்டு அளவு!"

ஆச்சி விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்காரரும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கெட்டிக்காரப் பிள்ளை. இவ இங்கேயே இருக்கட்டும், என்ன?" என்றார் ஆச்சி.

முதலாளி வேகமாகத் தலையாட்டினார்.

"ஆட்டாதீங்க ஐயா, இன்னொரு கண்ணு பாக்கி!"