துறைமுகம் கேட்ட தூதனும் புன்னை விளக்கும்

ஒரு காலத்துல கரைநாடுன்னு ஒரு நாடு. அதை ஆண்டுக்கிட்டிருந்தவரு கரிவரத ராஜா. காலையில ஒரு புத்தி, சாயங்காலம் ஒரு புத்தி. அவரு அரண்மனையில விளக்கு எரியணும்னா மலைநாட்டுக் கிணத்துல ஊறுற எண்ணெய் வரணும். கடற்கரை பூரா புன்னை காய்ச்சுக் கொட்டுது. வலைக்காரங்க அந்தக் கொட்டையைச் செக்குல ஆட்டி படகுக்குப் பூசுவாங்க, வீட்டு விளக்குக்கும் ஊத்துவாங்க. அரண்மனைக்கு மட்டும் அது நாத்தமாம்! அப்படி ஓதுனவன் சபையில இருந்த சந்திரமவுலி. மந்திரி மாசானமுத்தைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும்.

ஒருநாள் மலைநாட்டுத் தூதன் வந்து சபையில காலை நீட்டி உக்காந்தான்.

"உங்க துறைமுகத்தை எங்களுக்கு எழுதிக் குடுங்க. இல்லேன்னா எண்ணெய் கிடையாது. உங்க விளக்கு அணையுற வரைக்கும் இங்கேயே இருப்பேன்."

சந்திரமவுலி, "குடுத்துரலாம் மகாராஜா. நாலு வலைக்காரன் வேற எங்கயாவது போகட்டுமே!"ன்னான்.

மாசானமுத்துக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. "போயி மணலைத் திம்பானா? மகாராஜா, உங்க விளக்கு இந்தத் தூதன் கையில இருந்தா, இங்க ராஜா யாரு?"

"வாயை மூடுடா! விளக்கு அணைஞ்சா துறைமுகமும் போச்சு, உன் தலையும் போச்சு!"ன்னு ராஜா சீறுனாரு.

"சரி. விளக்குப் பொறுப்பு என்னோடது."

அன்னைக்கிலருந்து சபையில ஒரே சாம்பிராணிப் புகை. தூதன் இருமிக்கிட்டே மீன்குழம்பு தின்னான். நாள் போகுது, வாரம் போகுது, விளக்கு அணையல. தூதன் பொறுக்க மாட்டாம எந்திரிச்சு விளக்குல விரலை விட்டு மோந்தான்.

"சீ! என்ன கருமம் இது?"

"புன்னைய்யா. வருஷா வருஷம் காய்க்கும். உங்க கிணறு காய்க்குமா?"ன்னாரு மாசானமுத்து.

ராஜா மூக்கைச் சுளிச்சாரு. "இந்த நாத்தத்துலயா இத்தனை நாளு..."

"புன்னை நாத்தம் சாம்பிராணியில போயிருச்சு மகாராஜா. இவன் முன்னாடி கைகட்டி நின்னா அந்த நாத்தம் எதுல போகும்?"

ராஜா நிமிந்து உக்காந்தாரு.

மந்திரி தூதன் பக்கம் திரும்புனாரு. "உங்க எண்ணெய் கடல் தாண்டிப் போறதும் எங்க துறைமுகம் வழியாத்தானே? இனி ஒரு பீப்பாயும் போகாது."

தூதன் மூஞ்சி வெளுத்துருச்சு. "ஐயா, பேசிக்கலாமே..."

"காலை மடக்குய்யா, பேசலாம்."

ராஜா தன் முத்து மாலையைக் கழட்டி மாசானமுத்து கழுத்துல போட்டாரு. அப்புறம் திரும்புனாரு பாருங்க, கண்ணு ரெண்டும் தணல்!

"சந்திரமவுலி! நாட்டை விக்கச் சொன்ன வாய்க்கு இனி சபையில வேலை இல்ல. போய் புன்னைக்கொட்டை பொறுக்கு!"

கரையில பட்டுவேட்டியைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு குனிஞ்சான். பக்கத்துல பொறுக்கிட்டிருந்த வலைக்காரி நிமிந்து பாத்தா.

"யோவ், மூக்கை விடுய்யா. நாங்க ரெண்டு கையால பொறுக்குறதாலதான் உங்க ராஜா இன்னும் ராஜா!"