விடுதி விலாசம்

"டீச்சர், பிள்ளைங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறாங்க" என்றார் பேராசிரியர் சௌந்தரபாண்டியன்.

ஜெபக்கனி டீச்சர் முட்டை உரித்துக்கொண்டிருந்தார். அங்கன்வாடியில் பதினெட்டுக் குழந்தைகள், அன்று முட்டை நாள். மீதி நேரத்தில் அவர்தான் அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர். பட்டியலில் யார் பெயர் ஏற வேண்டும், யார் பெயர் போக வேண்டும் என்று வீடு வீடாக அலைகிற வேலை.

"எதுல கையெழுத்து?"

"சொந்த ஊருக்கே ஓட்டை மாத்துற மனுவுல. ஆறு பேர் டீச்சர். சனிக்கிழமை கடைசி நாள். நான் நீட்டுற எந்தத் தாளையும் தொட மாட்டேங்கிறாங்க. இனிமே ஓட்டே வேண்டாம்ங்கிறாங்க."

"அவங்க ஓட்டை ஊர்லேர்ந்து எடுத்தது யாரு?"

பேராசிரியர் முட்டை ஓடுகளைப் பார்த்தார்.

"நான்தான்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கல்லூரியில் வாக்காளர் விழிப்புணர்வு மன்றத்தை ஒற்றை ஆளாக இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்தியவர். போன வருஷம் விடுதி மாணவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் விடுதி விலாசத்தில் பதிவு செய்தார். வாக்குச்சாவடி கல்லூரிக்கு எதிரிலேயே இருந்தது. நூறு சதவீதம் என்று மேடையில் கேடயம் வாங்கினார். பேப்பரில் படம் வந்தது.

பிறகு ஊராட்சித் தேர்தல் வந்தது.

விடுதியிலிருந்த மேலேரி காலனிப் பிள்ளைகள் ஆறு பேர் ஓட்டுப் போட பஸ் பிடித்து ஊருக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தி மூன்றாம் ஆண்டு தமயந்தி. அவள் அம்மா செங்கமலம் தலைவர் பதவிக்கு நின்றிருந்தாள். சுடுகாட்டுக்குப் பாதை வாங்கித் தருவேன் என்பது ஒன்றுதான் அவள் பிரசாரம்.

அங்கே வாக்குச்சாவடியில் இருந்தவர் பட்டியலில் ஸ்கேலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். இன்னொரு தடவையும் இறக்கினார்.

"உங்க பேரு எதுவும் இங்க இல்லையே" என்றார்.

செங்கமலம் நாலு ஓட்டில் தோற்றாள்.

மறு வாரம் தமயந்தியின் சித்தப்பா இறந்துபோனார். மழைக்காலம். பாடையை மார்பளவு ஓடைத் தண்ணீரில் தூக்கிப் போனார்கள். நடுவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. அதற்கு மேல் நடந்ததைச் சொல்ல நா எழவில்லை. தமயந்தி அதோடு கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவள் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற ஐந்து பேரும் போடுவார்கள்.

"நீங்க தெருத்தெருவா ஏறி இறங்குறீங்க" என்றார் பேராசிரியர். "உங்ககிட்ட மட்டும் எப்படி எல்லாரும் போடுறாங்க? அந்த வழியை எனக்குச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மேலே பேனாவை வைத்தார்.

"போடுங்க சார்."

"இது என்ன?"

"உங்க நல்லதுக்குத்தான்."

பேராசிரியர் போட்டார். டீச்சர் நீட்டுகிற தாளில் என்ன யோசனை வேண்டியிருக்கிறது?

டீச்சர் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுக்கச் சொல்ற மனு. சாயங்காலம் தாலுகா ஆபீஸ்ல கொடுத்துருவேன்."

பேராசிரியர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை.

"விளையாடாதீங்க டீச்சர். அதைக் குடுங்க."

"தமயந்தி திருப்பிக் கேட்டாளா?"

அவர் சிரிப்பு நின்றுபோனது.

கேட்டிருந்தாள். ஒரு மத்தியானம் துறை அறை வாசலில் வந்து நின்று, "சார், அம்மா தேர்தல்ல நிக்கப் போறாங்க, விடுதி விலாசத்துல போட்ட என் மனுவை மட்டும் குடுத்துடுங்க" என்று கேட்டாள்.

"என்ன சொன்னீங்க?"

"ஆபீசுக்கு அனுப்பியாச்சும்மான்னு சொன்னேன்."

"அனுப்பியிருந்தீங்களா?"

ஒரு குழந்தை தட்டை நீட்டியது. டீச்சர் முட்டை வைத்தார். அடுத்த தட்டிலும் வைத்தார். அவருக்கு அவசரம் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை.

"என் மேஜைக்குள்ளதான் இருந்துச்சு" என்றார் பேராசிரியர். "ஒரு ஆள் குறைஞ்சாலும் நூறு வராது."

அதை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

டீச்சர் மடித்த தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

"கேட்டீங்க, குடுத்துட்டேன். கிளம்புங்க சார்."

வெள்ளிக்கிழமை அவர் மேலேரிக்குப் போனார். பஸ் நிற்கிற இடத்திலிருந்து காலனிக்கு ஒரு மைல் நடை.

செங்கமலம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தமயந்தி நிலைப்படியில் நின்றாள். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உன் மனு அன்னைக்கு என் மேஜையிலதான் இருந்துச்சும்மா" என்றார். "உங்கிட்ட பொய் சொன்னேன். கேடயத்துக்காக."

முறம் நின்றது.

தமயந்தி அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஓட்டை இந்த ஊருக்கே மாத்துற மனு."

"இதுல கையெழுத்துப் போட்டா பாதை கிடைச்சிருமா?"

மேடையாக இருந்தால் இந்தக் கேள்விக்கு முக்கால் மணி நேரம் பேசியிருப்பார். கைதட்டும் வாங்கியிருப்பார்.

"கிடைக்காதும்மா" என்றார். "அஞ்சு வருஷத்துக்கு ஜெயிச்சவங்கதான் தலைவர். இதுல போட்டா உன் பேரு இந்த ஊர்ப் பட்டியல்ல வரும். அவ்வளவுதான். போடலைன்னாலும் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

செங்கமலம் மகளைப் பார்த்தாள். மகள் உள்ளே போனாள். பேராசிரியர் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார்.

அவள் ஒரு பாயோடு வந்தாள். அதை விரித்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"முதல் வரியிலேர்ந்து வாசிங்க சார்" என்றாள். "அம்மாவுக்கும் கேக்கணும்."