சோடா உப்பு இல்லாத கேக்

குருவம்மாவைவிடச் செல்லக்கனி மூத்தவள். அதனால் குரு தன் சிஷ்யையை "அக்கா" என்று கூப்பிடுவார். சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். மலையடிவாரத்துக் குடிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்கள் இருவருக்கும் அது பழகிப்போய்விட்டது.

அன்று செல்லக்கனி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்குகிறவள், அன்று எடுக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"என்ன அக்கா?"

"ஒண்ணு கேக்கணும் அம்மா. இவகிட்டப் பேசுறதை நான் நிறுத்திரலாமா?"

மகள் பெயர் தேன்மொழி. அன்றோடு ஐந்து வயது முடிகிறது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். பேச்சு வரவேண்டும் என்று நேர்ந்துகொண்டு, போன வாரம்தான் மொட்டை போட்டிருந்தார்கள்.

"குளிப்பாட்டும்போது பேசுறேன். சோறு ஊட்டும்போது பேசுறேன். தூங்குறவகிட்டயும் பேசுறேன். எதிர்வீட்டு ராசகிளி இன்னைக்குக் கேக்குறா, 'சுவத்துக்கிட்டப் பேசினாக்கூட எதிரொலியாவது வரும், இவளுக்குப் போய் தேன்மொழின்னு பேரு வச்சியே'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? அவ சொல்றது நெசந்தானே. நான் பேசினதெல்லாம் எங்க போவுதுன்னே தெரியல. வாய் ஓஞ்சு போச்சு அம்மா. நீங்க சரின்னு சொன்னா இன்னையோட விட்டுருவேன்."

குருவம்மா குழந்தையின் மொட்டைத்தலையைத் தடவினார்.

"பிறந்தநாளாச்சே. கேக் செய்வோம்."

செல்லக்கனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் கேட்டது என்ன, இவர் சொல்வது என்ன? ஆனாலும் குழந்தையை இறக்கிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

மைதா இருந்தது. சீனி இருந்தது. குடிலைச் சுற்றி மேய்கிற கோழிகளின் புண்ணியத்தில் முட்டையும் இருந்தது. மற்ற டப்பாக்களை எல்லாம் திறந்து பார்த்தாள்.

"சோடா உப்பு இல்லையே அம்மா. அது இல்லாம கேக் எழும்பாது. கல்லு மாதிரி வரும். உங்க கோழிகூடக் கொத்தாது."

"இருக்கிறதை வச்சுச் செய்வோம்."

குருவம்மா ஆழமான பாத்திரத்தில் முட்டைகளை உடைத்து ஊற்றினார். பொடித்த சீனியைக் கொட்டினார். மோர் கடைகிற மத்தை எடுத்துச் செல்லக்கனியிடம் நீட்டினார்.

"அடிங்க அக்கா. மத்தைத் தூக்கினா, அதுல இருந்து ஒழுகுறது கலவை மேல கோடு மாதிரி நிக்கணும். அதுவரைக்கும் நிறுத்தாதீங்க."

செல்லக்கனி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்தை வைத்து உருட்டினாள். தேன்மொழி சற்றுத் தள்ளி, அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரிசிக் குருணையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

உருட்ட உருட்டக் கை எரிந்தது. முடி நெற்றியில் விழுந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்ததால் கீழுதட்டைப் பிதுக்கி, "ஃபூ" என்று ஊதித் தள்ளினாள். மத்தைத் தூக்கிப் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கோடு நிற்கவில்லை. மறுபடி உருட்டினாள். மறுபடி முடி விழுந்தது. மறுபடி "ஃபூ."

பேச்சை விட்டுவிடலாமா என்று கேட்க வந்தவளின் வாய் தன்னால் பேசியது.

"இங்க பாரு தேனு, மஞ்சளா இருந்தது வெள்ளையாயிருச்சு. பாத்திரம் நெறஞ்சு வருது பாரு, பாலு பொங்குற மாதிரி."

தேனு திரும்பவில்லை.

ஒருவழியாகக் கோடு நின்றது. குருவம்மா மைதாவைச் சலித்துத் தூவினார். செல்லக்கனி பழைய வேகத்தில் மத்தை உருட்டப் போனாள். குருவம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ அடிக்கக் கூடாது. அகப்பையால மெல்லப் பிரட்டுங்க. இல்லைன்னா உள்ள இருக்கிறது போயிரும்."

"உள்ள என்ன இருக்கு?"

குருவம்மா அடுப்பை ஊதப் போய்விட்டார்.

பெரிய பானையில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் நெய் தடவிய தகரப் பாத்திரத்தை இறக்கினார்கள். மாவு அதில் பாதிக்கும் கீழேதான் இருந்தது. பானையை மூடி, மூடிமேல் தணல் அள்ளிப் போட்டார்கள். செல்லக்கனி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மெல்ல வாசம் வந்தது. கோழிகள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தன.

குருவம்மா தணலைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கினார்.

"அம்மாடி!"

பாதிக்குக் கீழே கிடந்தது, விளிம்பைத் தாண்டி எழுந்து நின்றது. பொன்னிறமாக, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற வயிறு மாதிரி இருந்தது. செல்லக்கனி தொட்டுப் பார்த்தாள். அமுங்கிய இடம் மெல்ல மேலே வந்தது. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள், உயிருள்ளதைத் தொட்டுவிட்டவள் போல.

"எப்படி அம்மா? எழும்புறதுக்கு நாம ஒண்ணுமே போடலையே."

குருவம்மா ஒரு துண்டு வெட்டி அவள் கையில் வைத்தார். "உள்ள பாருங்க. என்ன தெரியுது?"

"ஓட்டை. பொடிப்பொடியா ஓட்டை."

"ஓட்டைக்குள்ள?"

"ஒண்ணுமில்ல." கொஞ்சம் யோசித்தாள். "காத்து."

"அது யாரு போட்டது?"

செல்லக்கனி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். மத்து உருட்டிய இடம் சிவந்து கிடந்தது.

அப்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டக். டக்.

திரும்பினாள். தேன்மொழி காலிப் பாத்திரத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மத்து அவளுடைய இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இருந்தது. உருட்டினாள். தூக்கினாள். விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். மறுபடி உருட்டினாள்.

பிறகு கீழுதட்டைப் பிதுக்கி, முடியே இல்லாத நெற்றியை நோக்கி ஊதினாள்.

"ஃபூ."

செல்லக்கனி கேக் துண்டைக் கீழே வைத்தாள். மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல முணுமுணுத்தாள்.

"இவ என்னைப் பாக்கவே இல்லையே அம்மா. முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே இருந்தா. எப்போ பாத்தா?"

குருவம்மா குனிந்து குழந்தையின் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

"காத்து உள்ள போனப்போ நீங்க பாத்தீங்களா அக்கா?"