பன்னிரண்டு மணிக்கு வந்த விருந்தாளி

கோவை ஓட்டலில் தாட்சாயணியும் தோழி மெர்லினும் ஒரே அறையில் தங்கினார்கள். அடிக்கடி தங்குபவர்களுக்கான கோல்டு கார்டு மெர்லினுடையது. கிளம்பும் நாளன்று மூன்று மணிக்குத் தாட்சாயணிக்கு வேலை நேர்காணல். அறையிலேயே புடவை கட்டிப் புறப்பட நினைத்திருந்தாள்.

மேனேஜர் டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “நாலு மணி வரைக்கும் ரூம்ல இருக்கிற சலுகை கார்டுக்காரங்களுக்கு மட்டும்தான்மா. நீங்க பன்னிரண்டுக்குக் கிளம்பிடணும்.”

“மெர்லினைப் பார்க்க விருந்தாளி வரலாமா சார்?” என்றாள் தாட்சாயணி.

“ராத்திரி எட்டு வரைக்கும் தாராளமா வரலாம். விருந்தாளிக்கு நாங்க இளநீர்கூடக் கொடுப்போம்.”

பன்னிரண்டுக்குத் தாட்சாயணி பையோடு இறங்கி வந்து தன் சாவியைக் கொடுத்தாள். மேனேஜர் திருப்தியாகச் சிரித்தார். அவள் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்திட்டாள்.

“மெர்லினைப் பார்க்கணும் சார். இளநீர்ல ஐஸ் வேண்டாம், மூணு மணிக்கு நிறையப் பேசணும்.”